ஏரிப் படத்தில் நான் அழித்த பெயர்

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். மாலை, சால்வை, நாலு பேர் பேச்சு, ஆளுக்கொரு பொட்டலம் மைசூர்பாகு. எல்லாம் முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், நைன்டீஸ்ல நீங்க ஒவ்வொரு ஃபிரேமையும் கையாலயே கிளீன் பண்ணுவீங்களாமே, நிஜமா?" என்றாள். அவள் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் ஒரு ரீல் கீறல் இல்லாமல் வந்துவிடுகிறது. நிஜம்தான் என்றேன். "அதையெல்லாம் எழுதிக் குடுங்க மேடம், ஆபீஸ் மலர்ல போடலாம்" என்றாள்.

சாதனை எழுதச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு இல்லாமல் போகாது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அவை எதுவும் முன்னால் வந்து நிற்கமாட்டேன் என்கின்றன. வந்து நிற்பது வேறு ஒன்று. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அதைத்தான் எழுதப்போகிறேன். கேட்ட பெண் என்னை மன்னிக்கட்டும்.

என் அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது காந்திநகரில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் கே.ஆர். சர்க்கிள் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ரீடச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். நெகடிவ்வை வெளிச்சப் பலகையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் கல்யாணப் பெண்களின் பருக்களை அழிப்பது. பத்து பன்னிரண்டு வருஷம் அதையே செய்தேன். மைசூரில் பாதி வீட்டு ஆல்பங்களில் இருக்கும் அழகு நான் போட்டுக் கொடுத்தது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டுடியோ வேலை படுத்துவிட்டது. அப்போதுதான் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் வேணு சார் புதிதாகத் தொழில் ஆரம்பித்தார். பெங்களூரிலும் சென்னையிலும் பழைய படங்களை கணினிக்கு மாற்றி, ஃபிரேம் ஃபிரேமாக குறுந்தகட்டில் அனுப்புவார்கள். நாங்கள் தூசி, கீறல், ஈரக்கறை எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பென்சில் போய் மவுஸ் என்கிற எலி வந்தது. மூன்று மாதம் தடுமாறினேன், பிறகு கை வந்துவிட்டது.

வேணு சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். பேசினால் தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் ஒரே தட்டில் வரும். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கணினி அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். நின்றதே தெரியாது. பேச்சை எப்போதும் நம் வீட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார். பையனுக்கு ஜுரம் விட்டதா, வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று. அப்புறம், போகிற போக்கில் சொல்கிற மாதிரி, "ஒந்து சின்ன ஹெல்ப்" என்பார், ஒரே ஒரு சின்ன உதவி என்று. அந்த ஒந்து சின்ன ஹெல்ப்புக்கு முடியாது என்று சொன்னவர்கள் யாரும் அந்த மாடியில் இருந்ததில்லை. எதையும் எழுதித் தரவும் மாட்டார். செய்தது நாம், கேட்டது அவர் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. நல்ல மனிதர்தான். இதை நான் இன்றைக்கும் சொல்வேன். அதுதான் தொல்லையே.

எங்கள் வேலைக்கென்று விற்கிற மென்பொருள் அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் கிட்டப் போக முடியாத விலை. அதற்குத் தனிக் கணினி வேறு. எங்களிடம் இருந்தவை உதிரி வாங்கிச் சேர்த்த கணினிகள். அவற்றில் லினக்ஸ் போட்டு, அதன் மேல் வெளிநாட்டில் சிலர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த ஒரு படம் திருத்தும் மென்பொருளைப் போட்டிருந்தோம். திறந்த மூல மென்பொருள் என்று இப்போது மரியாதையாக எழுதுகிறார்கள். எங்கள் அறையில் அதற்குப் பெயர் ஓசி. "ஓசியத் திற", "ஓசி தொங்கிடுச்சு" என்றுதான் பேச்சு.

அதை மைசூருக்குக் கொண்டுவந்து நிறுவியவள் செல்வி. கொள்ளேகால் தாண்டி இருக்கும் ராமாபுரத்துக்காரி. அப்பாவுக்கு மஞ்சளும் சோளமும் விளைகிற கொஞ்சம் நிலம். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துவிட்டு, மைசூரில் ஒர்க்கிங் விமன்ஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். டிப்ளமாதான் என்பதால் ஆபீஸ் ஏட்டில் அவளுக்கு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் என்று பெயர். ஆனால் அந்த மாடியில் நிரல் எழுதத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஓசி என்று நாங்கள் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "ஓசி இல்லீங்க்கா. அவிங்க உள்ளாற இருக்கறதை எல்லாம் தொறந்து குடுத்திருக்காங்க. நாம மாத்திக்கலாம், விக்கக்கூடச் செய்யலாம். ஆனா நாம யாருக்குக் குடுக்கறமோ அவிங்களுக்கும் தொறந்தே குடுக்கோணும். எழுதினவிங்க பேரை எடுக்கக்கூடாது. அவ்வளவுதானுங்க கண்டிசன்" என்பாள். நான் சரி சரி என்று தலையாட்டுவேன். உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து?

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. கதாநாயகி படிக்கட்டில் இறங்கி வருகிற காட்சி, பதினொரு வினாடி. மேலிருந்து கீழாக ஒரே கீறல், நேராக அவள் முகத்தின் மேல். தூசி என்றால் சுலபம். தூசி ஒரு ஃபிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தால் தீர்ந்தது. கீறல் அப்படி இல்லை. அது எல்லா ஃபிரேமிலும் அதே இடத்தில் நிற்கும், முகம்தான் நகரும். ஆகவே இந்த ஃபிரேமில் கீறல் மறைத்திருக்கிற கன்னம், நாலு ஃபிரேம் தள்ளி வெளியே வந்திருக்கும். அங்கே போய் அதைத் தேடி எடுத்து, இங்கே உள்ள வெளிச்சத்துக்குச் சரிபார்த்து வைக்க வேண்டும். அதே ஃபிரேமில் பக்கத்துக் கன்னத்தை எடுத்து ஒட்டினால் ஒரு படமாகப் பார்க்கும்போது அற்புதமாக இருக்கும். ஓட விட்டால் அந்த இடம் தளதளவென்று அசையும். கொதிக்கிறது என்போம். கொதித்தால் வேலை போச்சு.

வினாடிக்கு இருபத்து நாலு ஃபிரேம். பதினொரு வினாடிக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஓசிக்கு ஒரு நேரத்தில் ஒரு படம்தான் தெரியும். அடுத்தது என்ன என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து, பக்கத்தில் இன்னொன்றைத் திறந்து, மூடி, சேமித்து என்று நான் இரண்டு நாளில் ஒரு வினாடியைக்கூட முடிக்கவில்லை. முடித்த கொஞ்சமும் கொதித்தது. மேசையில் தலை வைத்து அழுதேன், வெட்கமில்லாமல்.

செல்வி பக்கத்து நாற்காலியிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க்கா, படம் பார்க்கறப்ப இடது கைக் கட்டை விரலை அப்படி ஆட்டறீங்க?" என்றாள்.

அப்படி ஆட்டுவது எனக்கே தெரியாது. யோசித்தபோதுதான் புரிந்தது. ஸ்டுடியோவில் இரண்டு பிரின்ட்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, மேலே இருப்பதைக் கட்டை விரலால் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அது குதித்துக் கண்ணில் படும். அந்தப் பழக்கம் விரலில் தங்கிவிட்டது.

"எனக்கு அதே மாதிரி வேணும் செல்வி" என்றேன். "அஞ்சு ஃபிரேம் வரிசையா கீழ நிக்கணும். விரலைத் தட்டினா அடுத்தது, தட்டினா முந்தினது, மேலயும் கீழயும் மாறி மாறித் தெரியணும். எந்த ஃபிரேம்லேர்ந்து எடுக்கறதுன்னு நான் சொல்லணும், எந்த ஃபிரேம்ல வைக்கறதுன்னும் நான்தான் சொல்லணும். நடுவுல திற மூடுன்னு ஒண்ணும் கேக்கக்கூடாது."

அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணினியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. முதலில் எங்கே பார்க்கிறீர்கள், எடுத்த பிறகு ஏன் ஒரு தடவை பின்னால் போய் வருகிறீர்கள், எந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் ஓசியின் உள்ளே போனாள். ஒன்பதாவது நாள் காலையில், "உக்காந்து பாருங்க்கா" என்றாள்.

திரையின் அடியில் ஐந்து சின்னப் படங்கள் வரிசையாக நின்றன. தட்டினேன், அடுத்தது வந்தது. தட்டினேன், திரும்பிப் போனது. கதாநாயகியின் கன்னத்தை நாலு ஃபிரேம் தள்ளியிருந்து எடுத்து இங்கே வைத்தேன். வாழ்க்கையில் ஒரு கருவி என் கைக்கென்று செய்ததாக இருந்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த வாரம் பதினொரு வினாடியும் ஓடியது, ஒரு இடத்திலும் கொதிக்கவில்லை. வேணு சார் செருப்பைப் போடாமலேயே படியிறங்கி ஓடி அல்வா வாங்கிவந்தார்.

அந்த மென்பொருளைத் திறக்கும்போது முதலில் ஒரு படம் தோன்றும். எழுதியவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். நம்முடையதுக்கு நாமே ஒரு படம் வைக்கலாம் என்று செல்வி ஆசைப்பட்டாள். "உங்க ஏரிப் படம் ஒண்ணு குடுங்க்கா" என்று கேட்டாள். குக்கரஹள்ளி ஏரியை ஒரு காலையில் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி வரிசையாக மூன்று நாலு எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் கணினியைத் திறந்தால் என் ஏரி. கீழே தண்ணீர் அலைகளின் மேல் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. முதல் வரியில் வெளிநாட்டுக்காரர்களின் பெயர்கள். இரண்டாவது வரியில், ஃபிரேம் வரிசை: செல்வி, மைசூர்.

"நல்லாருக்குதுங்களா?" என்றாள்.

"பேஷா இருக்கு" என்றேன்.

மனதுக்குள் வேறு ஒன்று ஓடியது. இவ்வளவு தூரம் வந்த பிறகு மறைப்பானேன்? படம் என்னுடையது, யோசனை என்னுடையது, கட்டை விரல் என்னுடையது. பெயர் மட்டும் அவளுடையது. எனக்குப் பொறாமையாக இருந்தது. தினமும் காலையில் கணினியைப் போடும்போதெல்லாம் அந்த இரண்டாவது வரி என்னைக் குத்தியது. கேட்டிருக்கலாம், என் பெயர் எங்கேடி என்று. கேட்டால் அற்பமாகத் தெரியுமே என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்து எவ்வளவு பெரிய மனுஷியானேன் என்பதை இனி சொல்கிறேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். பெங்களூரில் ஒரு பெரிய படத் திருத்தகத்தில் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டிப்ளமா போதாதே என்று இவள் எழுதிக் கேட்டதற்கு, நீங்கள் செய்த மென்பொருளைக் கொண்டுவந்து காட்டுங்கள், அதைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று பதில். ஊரில் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். இந்த வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு நிற்கும், இல்லாவிட்டால் தை மாதம் தாலி என்று ஒப்பந்தம். "ஏட்டுல என்னை டைப்படிக்கறவன்னு போட்டிருக்காங்க. நான் இதைச் செஞ்சேங்கறதுக்கு அந்த ஏரிப் படத்துல இருக்கற பேரு ஒண்ணுதானுங்க்கா சாட்சி" என்று சிரித்தாள். புதன்கிழமை நேர்முகம். அதற்குமுன் ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு, செவ்வாய் சாயங்காலம் வந்து ஆபீஸ் கணினியிலிருந்து குறுந்தகட்டில் நகல் எடுத்துக்கொண்டு, காலை ரயிலில் பெங்களூர் போவதாகத் திட்டம்.

மறுநாள் சனிக்கிழமை மதியம். அரை நாள் ஆபீஸ் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேணு சார் வந்து நின்றார். என் பையனின் பள்ளிக்கூட அட்மிஷனைப் பற்றி விசாரித்தார். அந்தப் பிரின்சிபால் தனக்குத் தெரிந்தவர்தான் என்றார். அப்புறம் அது வந்தது.

"சாந்தா, ஒந்து சின்ன ஹெல்ப். திங்கக்கிழமை ஹைதராபாத் பார்ட்டி வர்றாங்க. நம்ம சாஃப்ட்வேரோட ஆறு மெஷின் கேக்கறாங்க. திறந்ததும் யார் யாரோ பேரெல்லாம் வந்தா, இது ஓசி ஐட்டம்னு தெரிஞ்சுடும். அதுல ஒரு ஆபரேட்டர் பேர் வேற. நம்ம கம்பெனி பேர் மட்டும் இருந்தா போதும். எழுத்தெல்லாம் தண்ணி மேல இருக்கு, சும்மா பெயின்ட் அடிச்சா கண்டுபிடிச்சுடுவாங்க. உன் கைதான் வேணும்."

"செல்விகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றேன்.

"அவ வந்ததும் நானே சொல்றேன். சின்னப் பொண்ணு, பேஜார் மாடிக்குவா, மனசு கஷ்டப்படுவா. பார்ட்டி போனதும் திரும்பப் போட்டுக்கலாம்."

அவள் சொன்ன நிபந்தனை எனக்கு நினைவிருந்தது. எழுதியவர்கள் பெயரை எடுக்கக்கூடாது. புதன்கிழமை நினைவிருந்தது. அந்தப் பெயர்தான் சாட்சி என்று சொன்னதும் இருபத்து நாலு மணி நேரம் ஆகாத பேச்சு. எல்லாம் நினைவிருந்தும் நான் போய் உட்கார்ந்தேன். அட்மிஷனுக்காக என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்மிஷனுக்காக இல்லை. அந்த இரண்டாவது வரிக்காக.

எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கு அடியில் இருந்த தண்ணீர் அந்தப் படத்தில் இல்லை, எழுத்துப் போடாத மூலப்படமோ செல்வியிடம் இருந்தது. ஆனால் அதே காலையில், அதே இடத்தில் எடுத்த மற்ற ஏரிப் படங்கள் என்னிடம் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி, செல்வியின் ஃபிரேம் வரிசையில் அடுத்தடுத்த ஃபிரேம்களாக நிறுத்தினேன். தட்டி, முன்னால் போய், தண்ணீரை எடுத்து, தட்டி, பின்னால் வந்து, பெயரின் மேல் வைத்தேன். அவள் பெயரை அவள் கருவியாலேயே அழித்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. வெளிநாட்டுக்காரர்களின் வரியை அதற்குப் பிறகு எடுத்தேன். மேலே ஒரு மூலையில் கம்பெனி பெயரைப் போட்டேன். கடைசியில் தூர நின்று பார்த்தேன். அங்கே எப்போதுமே தண்ணீர் மட்டும்தான் இருந்தது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். நல்ல வேலை என்று எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஹைதராபாத்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், ஆறு கணினிக்கும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு யாரும் எதையும் திரும்பப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை செல்வி வந்தபோது பஸ் தாமதம், அவசரத்தில் இருந்தாள். நகல் எடுத்தாள், ஓடினாள். கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் அந்த முதல் படத்தை அவள் பார்க்கவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். பையை எடுத்துக்கொண்டு, "வர்றேனுங்க்கா, வேண்டிக்கோங்க" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். செல்வி, நில், உன் பழைய படத்தை எடுத்துப் போட்டுக்கொள் என்று ஒரு வாக்கியம். அவளிடம் எழுத்துப் போடாத மூலப்படம் இருந்தது, பத்து நிமிஷ வேலை. "போய்ட்டு வாம்மா" என்றேன்.

பெங்களூரில் நடந்ததைப் பிறகு ஹாஸ்டல் தோழி ஒருத்தி வழியாகத்தான் அறிந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம், மூவரும் படத் தொழில்காரர்கள், நிரல் எழுதுகிறவர் ஒருவரும் இல்லை. இவள் குறுந்தகட்டைப் போட்டுத் திறந்திருக்கிறாள். ஏரி வந்தது, வேணு சாரின் கம்பெனி பெயர் வந்தது. இதில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆபீஸ் சான்றிதழைப் பார்த்தால் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். உள்ளே உள்ள கோப்புகளைத் திறந்து காட்டுகிறேன் என்றாளாம். பெயரை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாமே அம்மா என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஆபீசுக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து, கணினியைப் போட்டு, அந்தப் படம் வந்து போகும்வரை பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இந்த ஏரிப் படத்தை யாராச்சும் தொட்டாங்களா?"

"தெரியலையேம்மா" என்றேன்.

"சரிங்க்கா" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு மூன்று வாரம் வேலைக்கு வந்தாள். எனக்குக் கணினி தொங்கினால் எழுந்து வந்து சரி செய்தாள். சாப்பாட்டு வேளையில் ஊறுகாயை நகர்த்தி வைத்தாள். வேணு சார் அவளிடம் என்ன சொன்னாரோ, சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரக் கடைசியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு ராமாபுரம் போய்விட்டாள். அவள் போனபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த இடத்துக்கு ஒரு பி.ஈ. பையனைப் போட்டார்கள். அவன் வந்து இரண்டு மாதம், அவள் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளவே ஆனது. ஒருநாள் தலையைத் தூக்கி, "மேடம், சாந்தகுமாரி அன்னோரு யாரு? நீவேனா?" என்று கேட்டான், சாந்தகுமாரி என்பவர் நீங்கள்தானா என்று. ஏன் என்றேன். "பைல்ல உங்க பேர் இதே, இருக்கு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

போய்ப் பார்த்தேன். ஃபிரேம் வரிசைக்கென்று அவள் எழுதிய நிரல், ஏழெட்டுக் கோப்புகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும், நிரலுக்கு முன்னால், ஆங்கிலத்தில் ஒரே குறிப்பு. இந்த யோசனை முழுவதும் மைசூர் சாந்தகுமாரி அவர்களுடையது, அவர் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதப்பட்டது, எழுதியது செல்வி என்று. முதலில் என் பெயர், கீழே அவளுடையது. அந்தக் கோப்புகள் என் கணினியிலும் இருந்தன. முதல் நாளிலிருந்து இருந்தன. பூட்டு இல்லை, மறைவு இல்லை. திறந்து பார் என்று அவள் நூறு தடவை சொன்ன இடம். நான்தான் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராமாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். கொள்ளேகால், ஹனூர் தாண்டி, காட்டில் சந்தனக் கடத்தல்காரனைத் தேடிக்கொண்டிருந்த காலம், வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் இறக்கிப் பையைச் சோதித்தது. என்ன சொல்வது என்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, கணினி ஒன்று, தமிழிலும் கன்னடத்திலும் பத்திரிகை அடித்துத் தரப்படும் என்று பலகை. செல்வி உள்ளே உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் மங்கவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எதிர்க்கடையில் குரல் கொடுத்து எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தாள். நான் அதைக் குடிக்காமல், ஒத்திகை பார்த்த எதையும் சொல்லாமல், "நான்தான் அழிச்சேன் செல்வி" என்றேன்.

"தெரியுமுங்க்கா" என்றாள். "பார்த்த அன்னிக்கே தெரியும். தண்ணியை அவ்வளவு சுத்தமா வேற யாரு வெச்சிருப்பாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என் பேரை நீ உள்ள போட்டிருக்கேன்னு தெரியாது. அந்தப் படத்துல என் பேர் இல்லைன்னு எனக்கு ஆத்திரம். அதான்" என்றேன்.

ஒருவர் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள். "முதல் படத்துல நிரல் எழுதினவிங்க பேரு மட்டுந்தான் போடறது, அது அவிங்க வழக்கமுங்க. யோசனை குடுத்தவிங்களுக்கு உள்ளாறதான் நன்றி எழுதுவாங்க. அதான் உங்களை உள்ளாற முதல்ல போட்டேன். பெங்களூர் போய்ட்டு வந்து உங்களுக்குத் தொறந்து காட்டோணும்னு இருந்தனுங்க."

அந்தத் தாலிக்கயிற்றைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. அவள் திட்டினாலாவது பாரம் குறையும் என்று இருந்தது.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தும், அப்புறம் மூணு வாரம் என் பக்கத்துல உக்காந்து வேலை செஞ்சியே. ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?" என்றேன்.

"கேட்டேனுங்களே. யாராச்சும் தொட்டாங்களான்னு."

ஜூஸ் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போகிற பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் என்னோடு பஸ் வரைக்கும் வந்தாள். நான் படியில் ஏறின பிறகு, என்னைக் குறை சொல்கிற குரலே இல்லாமல், ஏதோ மறந்துபோன கணக்கைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அந்த மூணு வாரமும் கோப்பு என் கையிலதானுங்க்கா இருந்துச்சு. உங்க பேரை எடுக்கோணும்னு ஒரு நா உக்காந்தேன். மனசு வரலீங்க."